தாய்மாமன் அமுக்கிய பட்டன்

கிரீம்ஸ்பேட்டை, சித்தூர்
27-4-2015, திங்கட்கிழமை

அன்புள்ள தம்பி சுரேஷ்பாபுவுக்கு,

அக்கா கல்பனா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நீயும் செல்வியும் டல்லாஸில் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும் என்று திருமலை இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். இங்கே எல்லாரும் எப்படி என்று நீ கேட்பதற்கு முன்னால் இதைக் கடைசி வரை படித்துவிடு. பிறகு கேட்கத் தோன்றாது.

போன் இருக்கும்போது இந்த அக்கா எதற்குக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்லிப் பார்த்துவிட்டேன். "அண்ணன் யமுனா கல்யாணத்துக்கு வரமாட்டேங்கிறார்டா" என்று நான் அழுதால் நீ, "அக்கா, ஸ்கிரீன்ல என்ன எரர் வருது, அதை அப்படியே படி" என்கிறாய். மெயிலில் எழுதலாம் என்றால், மெயில் செய்த வேலைதான் இந்தக் கடிதமே. நல்ல வேளையாக எங்கள் கல்லூரி நாகபூஷணம் சாரின் மகள் நாளை உங்கள் ஊருக்குப் புறப்படுகிறாள். ஆவக்காய் ஜாடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். ஜாடியைப் பிறகு திற. முதலில் இதைப் பிரி.

உன்னைக் குறை சொல்லவில்லை. விசா முத்திரைச் சிக்கலால் அக்கா பெண் யமுனா கல்யாணத்துக்கு வர முடியவில்லையே என்ற வருத்தத்தில்தான், "நீ வெயிலில் வீடு வீடாக அலையாதே அக்கா, நான் ஒரு புரோகிராம் எழுதித் தருகிறேன்" என்றாய். அந்தக் கருப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்டினால் நூற்றுத் தொண்ணூறு பேருக்கும் பத்திரிகை போய்விடும் என்றாய். "என் மெயிலிலிருந்தே அனுப்பினால் என்ன?" என்று கேட்டதற்கு, ஒரே மூச்சில் அத்தனை பேருக்கு அனுப்பினால் திருட்டு வேலை என்று நினைத்து மூடிவிடுவார்கள், அதனால் நடுவில் ஒரு கம்பெனியிடம் கொடுப்போம், அவர்கள் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்றாய். "அப்போ கூரியர்காரன் மாதிரி" என்றேன். "அதேதான் அக்கா" என்றாய். பத்திரிகையின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவாமல் கொடுக்கக்கூடாது என்று நான் அடம் பிடித்ததற்கு, ராத்தூக்கம் விட்டு மூலைக்கு ஒரு மஞ்சள் பொட்டு வைத்துக் கொடுத்தாய். இதையெல்லாம் மறக்கவில்லை. ஆனால் கூரியர்காரன் நாம் கொடுத்த கவரின் அடியில் தன் கைப்பட ஒரு வரி எழுதிவிட்டுப் போவான் என்று நீ சொல்லவே இல்லையே.

அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் சாவி. கம்பெனி நம்மை நம்புவதற்கு ஒரு சாவி வேண்டும் என்று முப்பத்தாறு எழுத்து சொன்னாய், சின்ன எழுத்து, பெரிய எழுத்து, நடுவில் கோடு எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினேன். எழுதியது எங்கே தெரியுமா, கைக்கு அகப்பட்ட தினசரி காலண்டர் தாளின் பின்புறத்தில். மறுநாள் காலை எழுந்ததும் வழக்கம்போல் தாளைக் கிழித்தேன், வழக்கம்போல் அதில் கறிவேப்பிலைக் காம்பைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன். பத்து மணிக்கு ஞாபகம் வந்து, எம்.எஸ்சி. படித்து ஒரு கல்லூரி நூலகத்தையே கட்டி ஆள்கிறவள், சொந்தக் குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்து உட்கார்ந்து ஒவ்வொரு காம்பாகப் பிரித்தேன். கடைசி இரண்டு எழுத்தில் காப்பித்தூள். அவை என்னவாக இருக்கும் என்று ஏழு முறை மாற்றி மாற்றித் தட்டி எட்டாவது முறை கதவு திறந்தது.

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று போன புதன்கிழமை லீவு போட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டு, விளக்கேற்றி, நல்ல நேரம் பார்த்து அந்த வரியைத் தட்டினேன். முதல் வரியிலேயே சிவப்பு எழுத்தில் நின்றுவிட்டது. முகவரி இல்லையாம். எப்படி இருக்கும்? முதல் வரி பொன்னியம்மன். நம் வீட்டில் முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, அடுத்தது படமாகிப் போனவர்களுக்கு, அதற்கு அப்புறம் தாய்மாமன், பிறகுதான் ஊர் உலகம். இந்த வரிசையை மாற்றி யாரும் வைத்ததில்லை, நான் ஒரு இயந்திரத்துக்காக மாற்றுவேனா? அம்மனை எடுத்துவிட்டு அனுப்ப மனசு வரவில்லை. புரோகிராமோ நடுவில் அந்த @ சுழி இருந்தால்தான் ஒப்புக்கொள்ளும் போலிருந்தது. சரி என்று அம்மன் பெயரைப் போட்டு, சுழியைப் போட்டு, நானே ஒரு முகவரி கட்டிக் கொடுத்துவிட்டேன். நம் நைனாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. யமுனாவின் அப்பா, உன் மாமாவுக்கு மட்டும் கட்ட வேண்டியிருக்கவில்லை, அவருடைய பழைய முகவரியே இருந்தது. ஐந்தாவது அண்ணன். மறுபடி தட்டினேன். திரையில் வரி வரியாக, போயிற்று, போயிற்று, போயிற்று என்று ஓடியது. பொரி விழுகிற மாதிரி. நூற்றுத் தொண்ணூறும் முடிய நாலு நிமிஷம் ஆகவில்லை. ஒரு தம்ளர் காப்பியை நிம்மதியாக உட்கார்ந்து குடித்தேன், அந்த நிம்மதியின் ஆயுள் அவ்வளவுதான்.

காப்பித் தம்ளரைக் கழுவி வைப்பதற்குள் கம்பெனியிலிருந்து மூன்று கடிதம் திரும்பி வந்தது. பொன்னியம்மன், இந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை. ஏகாம்பரம், இல்லை. ரத்னம்மா, இல்லை. உன் மாமாவுக்குப் போனது மட்டும் திரும்பவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டது என்று பச்சையில் காட்டியது. அவர் போய் ஏழு வருஷம் ஆகிறது, அந்தக் கணக்கை மூடவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தப் பச்சை எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அண்ணன் போன் வந்தது.

அண்ணனுக்கு மெயில் முகவரி எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். போன் வாங்கின கடைக்காரன் அவர் பெயரோடு வண்டி நம்பரையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தது. அது டிங் என்று சத்தம் போட்டால் மனுஷனுக்கு ஒரு பெருமை, கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எடுத்துப் பார்ப்பார். புதன்கிழமை மாங்காய் மண்டியில் இருந்திருக்கிறார். எட்டாவது வரை படித்தவர், மேலே தமிழில் இருந்ததைப் படித்துவிட்டார், அடியில் இருந்த இங்கிலீஷ் வரியை மண்டி வீராசாமியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அந்த வீராசாமிக்கோ மெதுவாகப் படிக்கத் தெரியாது.

"இன்னாம்மா கல்பனா, வேணாம்னா அமுக்கச் சொல்லிக்கீறியாமே?" என்றார்.

"எதைண்ணா?"

"வீராசாமி படிச்சான். பத்து பேர் எதுர்ல கூவிக் கூவிப் படிச்சான். 'இவங்ககிட்டருந்து இனிமே எதுவும் வேணாம்னா இங்க அமுக்கு'ன்னு போட்டுக்குதாம். செரி, தங்கச்சி கேக்குதே, நாம எதுக்கு நடுவுலன்னு அமுக்கிட்டேன்."

"அய்யோ அண்ணா, அது நான் எழுதினதில்ல. கம்பெனி தானா போடறது."

"கம்பெனி பொண்ணுக்கா கல்யாணம்?"

அவர் வைத்துவிட்டார். திரும்பிக் கூப்பிட்டால் மல்லிகா அண்ணி எடுத்தாள். "மண்டியிலருந்து வந்து செவுத்தப் பாத்துக்கினு படுத்துக்கினாரு. சோறு துன்னல. 'உங்க தங்கச்சி அப்புடி நெனைக்குமா'ன்னு கேட்டா, 'மெசினே சொல்லிச்சு, நீ யாரு'ன்றாரு. இன்னா எழவும்மா இது?" என்றாள்.

அவருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பலாம் என்று மறுபடி கருப்புத் திரையைத் திறந்து தட்டினால், அனுப்ப மாட்டேன் என்கிறது. இவர் உங்களிடமிருந்து எதுவும் வேண்டாம் என்று தெரிவித்துவிட்டார், ஆகவே இனி இவருக்கு எதுவும் கொண்டுபோக மாட்டோம் என்று. கூடப்பிறந்த அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் இப்படி ஒரு தீர்மானம் சொல்ல எந்தப் பஞ்சாயத்துக்கும் தைரியம் வந்ததில்லையடா. உனக்குப் போன் போட்டால், "அது சட்டம் அக்கா, அவரே மனசு மாறித் திருப்பிப் போட்டால்தான் உண்டு" என்றாய். அவர் மனசு மாறினால் எனக்கு எதற்கடா உன் கம்பெனி?

சாயங்காலத்துக்குள் முப்பத்தொரு பேர் அமுக்கிவிட்டார்கள். கோபத்தில் இல்லை, அமுக்கினால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான். பாகாலா சித்தப்பா கூப்பிட்டு, "அமுக்கினேன், 'நீங்கள் நீக்கப்பட்டீர்கள், நன்றி'ன்னு வந்துச்சு. எதுலருந்தும்மா நீக்கினே? பந்தியிலருந்தா, சொந்தத்துலருந்தேவா? அதுக்கு எதுக்கு நன்றி வேற?" என்றார். அவருக்குச் சமாதானம் சொல்லி முடிக்க அரை மணி நேரம். மற்ற முப்பது பேரில் பாதிப்பேர் தெலுங்கில் கேட்டார்கள், நான் தமிழில் அழுதேன்.

மறுநாள் கம்பெனிக்காரர்கள் கணக்கையே நிறுத்திவைத்துவிட்டார்கள். இல்லாத ஆட்களுக்கு அனுப்பியிருக்கிறேன், இருக்கிறவர்கள் வேண்டாம் என்கிறார்கள், ஆகவே சந்தேகமாம். ரேஷ்மா என்று ஒரு பெண் கையெழுத்துப் போட்டு எழுதியிருந்தாள். இந்தப் பட்டியலை எங்கே வாங்கினீர்கள், இவர்கள் உங்களிடமிருந்து கடிதம் பெற ஒப்புதல் கொடுத்தார்களா என்று. பெயரைப் பார்த்து நம் பக்கத்துப் பெண்தானே, சொன்னால் புரியும் என்று உட்கார்ந்து ஒளிவுமறைவில்லாமல் இரண்டு பக்கம் பதில் எழுதினேன். பட்டியல் வாங்கினதில்லை அம்மா, பிறந்ததிலிருந்து சேர்ந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் என்னைப் பெற்றவர்கள், அவர்களிடம் கேட்டுவிட்டு அழைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. பொன்னியம்மனிடம் முறையாக ஒப்புதல் வாங்கியிருக்கிறோம், தை மாதம் சந்நிதியில் பூ வைத்துக் கேட்டோம், வெள்ளைப் பூ வலது பக்கமாக விழுந்தது, பூசாரி சாட்சி என்று. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. என் இழப்புக்கு வருந்துகிறார்களாம். காலமானவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டுமாம். பொன்னியம்மன் அவர்களிடமிருந்து எழுத்து மூலமாக ஒப்புதல் பெற்று அனுப்பினால் பரிசீலிப்பார்களாம். அந்தப் பெண் அங்கேயே பிறந்து வளர்ந்தவளாக இருக்கவேண்டும், பாவம்.

சிரிப்பாய். நானும் யமுனாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "மாமா வரலைன்னா என்னை யாரும்மா மணவறைக்குக் கூட்டிக்கிட்டுப் போவாங்க?" என்று மட்டும் கேட்டாள். அப்பா இல்லாத பெண். தாரை வார்க்க வேண்டியவர்களும் அண்ணனும் அண்ணியும்தான். திருப்பதியில் மண்டபம் பேசியாயிற்று, நகரியிலிருந்து கிரண்குமார் வீட்டார் அறுபது பேர் வருகிறார்கள், அத்தனை பேருக்கும் எதிரில் மாமன் இடம் காலியாக இருந்தால் ஒரு கேள்வி வருமே, அதற்கு என்ன சொல்வேன்? மாமன் ரத்து செய்துகொண்டார் என்றா?

உனக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறேன், அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். வீடு வீடாகப் போக வெயில், கூட வர ஆளில்லை என்று சொன்னேன் அல்லவா? வெயிலாவது ஒன்றாவது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நாகலாபுரத்தில் ஒரு கல்யாணத்தில், வருகிறவர்களுக்கு நீட்ட ஆளில்லையே என்று குங்குமத் தட்டைக் கையில் எடுத்தேன். ஒரு பெரியம்மா வந்து, "உனக்கு எதுக்கும்மா சிரமம்" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள். ஒரு கடுஞ்சொல் இல்லை. தட்டு மட்டும் கை மாறியது. அதற்கு அப்புறம் சொந்தப் பெண்ணின் பத்திரிகையைத் தட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக நிற்பதை நினைத்தாலே செருப்பை மாட்டத் தோன்றவில்லை. யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், நம் பக்கத்து ஜனங்கள் நல்லவர்கள், ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே. உன் கருப்புத் திரை என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பெயரும் சாவியும் கேட்டது, நெற்றியைக் கேட்கவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. குறிப்பாக அண்ணன் வீட்டு வாசலில் எனக்கு அந்த நிலைமை வேண்டாம் என்றுதான் அவருக்கும் அதிலேயே அனுப்பினேன். நைனாவுக்குப் பிறகு வெல்லக் கொட்டகையில் கொப்பரை கிளறி நம் இரண்டு பேரையும் திருப்பதிக்கு அனுப்பிப் படிக்கவைத்தவர், அவர் ஒரு நிமிஷம் தயங்கினாலும் எனக்குத் தாங்காது.

இதைச் சொல்லி அவர் காலில் விழலாமே என்பாய். மாட்டேன். ஐந்து நாளாகப் போன் எடுக்கவில்லை. தங்கையைப் பற்றி மண்டி வீராசாமி படித்ததைத்தான் நம்புவேன் என்றால் நம்பட்டும். அவர் ஊருக்குப் போகிற குடிபாலா பஸ்ஸில் ஏறப்போவதில்லை, அந்த வாசலை மிதிக்கப்போவதில்லை, எனக்கும் ரோஷம் இருக்கிறது, நானும் ஏகாம்பரம் மகள்தான். ஆகையால் நீ இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் செல்வியையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டு வா. விசா கிசா என்று சொல்லாதே. வைகாசி பத்தாம் தேதி நீங்கள் இரண்டு பேரும் மணவறையில் நின்று தாரை வார்க்கவேண்டும். நீயும் தாய்மாமன்தான், உன்னை யாரும் நீக்கவில்லை. அந்தப் புரோகிராமை இன்றைக்கே அழித்துவிடு, சாம்பல்கூட மிச்சம் இருக்கக்கூடாது. ரேஷ்மாவிடம் பொன்னியம்மனுக்குக் கையெழுத்துப் போடும் பழக்கம் இல்லை என்று நீயே பதில் சொல்லிவிடு.

யமுனா இருவருக்கும் நமஸ்காரம் சொல்லச் சொன்னாள். செல்வியை வெறும் காலோடு பனியில் நடக்க விடாதே. உங்கள் இருவருக்கும் நல்ல உடம்பும், நல்ல புத்தியும், முடிந்தால் சீக்கிரமாக ஒரு முத்திரையும் கிடைக்க அந்த அம்மனை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா,
கல்பனா

பி.கு. செவ்வாய், காலை பத்து மணி. மேலே எழுதியதில் ஆவக்காய் ஒன்றைத் தவிர வேறு எதையும் நம்பாதே. கவரை ஒட்டும் நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் அண்ணன். துண்டு போட்டு மூடின ஒரு எவர்சில்வர் தட்டோடு நிலைப்படிக்கு வெளியே நிற்கிறார்.

"உள்ள வாங்கண்ணா."

"கூப்புடாத ஊட்டுக்குள்ள எப்புடி வர்றது?" என்று துண்டை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், மஞ்சள், குங்குமம். "இந்தா, புடி."

"எதுக்குண்ணா?"

"எனுக்குக் குடு. அஞ்சு நாளா வாசலப் பாத்துக்கினு ஒக்காந்துக்கினு இருந்தேன். தட்டு எடுத்துக்கினு வருவ, நல்லா நாலு வார்த்த திட்டிட்டு வாங்கிக்கலாம்னு. வர்ற மாதிரி தெரில. ஊட்டுல தட்டு இல்லியோ இன்னாவோன்னு நானே வாங்கியாந்தேன்."

"நான் எப்படிண்ணா குங்குமத்தை எடுத்துக்கிட்டு..." என்றேன். அவர் தட்டிலிருந்த குங்குமத்தைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார்.

"இதுக்கா? இதுக்கா அமெரிக்காகாரன் கையில சொல்லி மெசினு செஞ்ச? அட போம்மா, படிச்சவளே. ஒங்க அண்ணி கீழ வண்டியாண்ட நிக்கிறா. நீ வந்து கூப்புட்டாதான் மேல ஏறுவாளாம்."

தட்டை வாங்கி முதலில் அவருக்கே நீட்டி உள்ளே அழைத்து உட்காரவைத்துவிட்டு, குங்குமத்தோடு இறங்கிப் போனேன். தெருவிலேயே, வெயிலில், அண்ணி நெற்றியை நீட்டினாள். "சீக்கிரம் வை கல்பனா, மண்ட பொளக்குது" என்றாள். பொட்டு புருவம் வரைக்கும் இழுத்துவிட்டது. வண்டிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பரவால்ல, ரெண்டு நாளைக்குத் தாங்கும்" என்றாள்.

மேலே அண்ணன் உன் புரோகிராமின் பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு விரலால் படித்துக்கொண்டிருந்தார். "அம்மன், நைனா, அம்மா, மாப்ள, அப்பறம் நானு. உசிரோட இருக்கறவங்கள்ல நான்தான் மொதல்ல! இத வீராசாமி சொல்லவே இல்லியே" என்று ஒரே சந்தோஷம். மாங்காய் வண்டி காலியாகத் திரும்புகிற நேரமெல்லாம் நாங்கள் மூன்று பேரும் அதில் ஏறி வீடு வீடாகப் போகிறோம், நாளைக்குப் பாகாலா. ஆகவே புரோகிராமை அழிக்காதே, வரிசைக்கு அதுதான் ஆதாரம். நீ விழுந்தடித்துக்கொண்டு வரவும் வேண்டாம். முடிந்தால் வா. அண்ணன் பக்கத்தில் நின்று, "வரலன்னா நானும் வரமாட்டேன்னு எழுது" என்கிறார். அவர் வருவார், நீ பயப்படாதே.

நாகபூஷணம் சார் மகள் ஜாடிக்காக வாசலில் நிற்கிறாள். அவளுக்கும் தட்டை நீட்டிவிட்டேன். மாடி வீட்டுக்காரிக்கு நீட்டினேன், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவருக்கும் நீட்டினேன். அண்ணன் வாங்கிவந்த குங்குமம் பாதி தீர்ந்துவிட்டது.